முதற் கையொப்பம்

2018ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நமக்கு நன்கு அறிமுகமான அன்பர் ஒருவர் தம் மகளுடன் நம் இல்லத்திற்கு வந்தார். மகள் பொறியியற் கல்லூரி ஒன்றில் முதலாண்டு சேர்ந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. கையில் ஒரு கோப்பு. அதனுள் மதிப்பெண் பட்டியல், கல்லூரிக் கட்டண ரசீது, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல், வருமானச் சான்று, இவற்றின்மேல் கணினியில் நிரப்பி அச்செடுத்த கல்வி உதவித்தொகை விண்ணப்பம். யாவும் முறையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றே குறை. உறுதிமொழியின் கீழ் மாணவி கையொப்பமிட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"இவள் கையெழுத்துப் போட மறுக்கிறாள். நீங்கள்தான் எடுத்துச் சொல்லவேண்டும்" என்றார் தந்தை. பெண் தலை கவிழ்ந்து அமர்ந்திருந்தாள். நாம் இருமுறை கேட்டபின்பே வாய் திறந்தாள். "இதில் எழுதியிருக்கும் வருமானம் உண்மையில்லை ஐயா. மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்று நான் உறுதி கூறுவதாக அச்சிட்டிருக்கிறது. அதன்கீழ் நான் எப்படிக் கையெழுத்திடுவது?" என்றாள்.

பதினெட்டு நிறைந்து நான்கு மாதங்களே ஆன பெண். சட்டம் அவளைப் பெரியவளாக ஏற்றுக்கொண்டபின் அவள் பொறுப்பேற்று இடப்போகும் முதற் கையொப்பம் அது. அன்று நம் கூடத்தில் எழுந்த அவ்வினாவையே ஈண்டு வாசகப் பெருமக்கள்முன் வைக்க விழைகிறோம். விடையை நாம் அன்றைக்கே கண்டுவிட்டோம் என்று எண்ணவேண்டா.

முதலில் செய்தியைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். ஜைனர்கள் தேசிய அளவில் சிறுபான்மைச் சமுதாயமாக அறிவிக்கப்பட்டது 2014ஆம் ஆண்டு ஜனவரியில். அதன் பயனாக, மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகம் வழங்கிவந்த உதவித்தொகைகளுக்கு நம் பிள்ளைகளும் விண்ணப்பிக்க வழி பிறந்தது. அவற்றுள் தொழிற்கல்வி பயில்வோருக்கு உரியது, தகுதி மற்றும் வருவாய் அடிப்படையிலான உதவித்தொகை. கல்விக் கட்டணத்திற்காக ஆண்டுக்கு ரூ.20,000 வரை, விடுதியில் தங்கிப் பயில்வோருக்குப் பராமரிப்பிற்கென மேலும் ரூ.10,000, வீட்டிலிருந்து சென்றுவருவோராயின் ரூ.5,000. பெற்றோரின் ஆண்டு வருமானம், எல்லா வழியாலும் சேர்த்து, இரண்டரை லட்சத்தை மிகலாகாது என்பது விதி.

அன்பருக்கு மூன்று ஏக்கர் நிலம். நெல்லும் மணிலாவும் மாறிமாறிப் பயிராகும். மழை ஏமாற்றாத ஆண்டில் செலவு போக எண்பதாயிரம் மிஞ்சும் என்றார். அருகிலுள்ள நகரத்து அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறார், மாதம் பதினான்காயிரம். இரண்டு கறவை மாடுகள். பால் ஊற்றுவதில் ஆண்டுக்கு நாற்பத்திரண்டாயிரம். கூட்டினால் இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம். எல்லைக்கு மேலே நாற்பதாயிரம். ஆனால் கோப்பிலிருந்த சான்றிதழில் காணப்பட்ட எண் எழுபத்திரண்டாயிரம்.

இந்த எழுபத்திரண்டாயிரத்தை நம்மவர் பலர் நன்கறிவர். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திற்கு நெடுங்காலம் அதுவே வருமான எல்லையாக இருந்தது. அதற்காக ஒருமுறை வாங்கிய எண் பிறகு எல்லா விண்ணப்பங்களிலும் குடியேறிவிட்டது. நிலம் உடையவரும் கடை உடையவரும் மாட்டுக் கொட்டகை மட்டும் உடையவரும் ஒரே எண்ணுக்குள் வாழ்ந்துவந்தனர். இவரும் தம் மனைவியின் அறுவை சிகிச்சைக்காக முந்தின ஆண்டு அச்சான்றைக் கேட்டு வாங்கியிருக்கிறார். கொடுத்தவர்களும் அதிகம் வினவவில்லை.

உண்மையைச் சொன்னால், முதலில் நம் மனம் தந்தையின் பக்கமே சாய்ந்தது. காப்பீடு இருந்தும் மருத்துவத்திற்கு மேற்செலவு ஒன்றரை லட்சம் ஆகியிருந்தது. அதில் பெரும்பகுதி வட்டிக்கு வாங்கியது. விண்ணப்பப் படிவமோ வருவாயைக் கேட்கிறது, கடனைக் கேட்பதில்லை. கடனற்று இரண்டரை லட்சம் ஈட்டுபவர் எல்லைக்குள் நிற்க, வட்டி கட்டியபின் இரண்டு லட்சம்கூடக் கையில் தங்காத இவர் எல்லைக்கு வெளியே நிற்கிறார். மாதச் சம்பளம் பெறுவோனின் வருமானம் ரூபாய் பைசாவரை தெரியும். உழவனின் வருமானமோ வானத்தைப் பார்த்துத் தெரிவது. ஓராண்டு எண்பதாயிரம், மறு ஆண்டு கையைக் கடிக்கும். கோடு கிழிப்பவர் எங்கேனும் கிழித்தாகவேண்டும் என்பது மெய்தான். ஆயினும் இரண்டரை லட்சத்திற்கு ஒரு ரூபாய் குறைந்தவன் ஏழை, ஒரு ரூபாய் கூடியவன் ஏழையல்லன் என்பதில் அறம் ஏதும் இல்லை. வசதி மட்டுமே உண்டு.

தந்தை தம் வாதத்தை நன்றாகவே முன்வைத்தார். ஊரில் அரைவை ஆலை வைத்திருப்பவர் மகனும் இதே எண்ணில் விண்ணப்பித்திருக்கிறான் என்றார். "நாம் ஒருவர் உண்மை எழுதினால் நாடு திருந்திவிடுமா?" என்றார். தம் நிலை தெரிந்த எவரும் தம்மைப் பொய்யர் என்னார் என்றார். இறுதியில் வள்ளுவரையும் துணைக்கு அழைத்தார். நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று தேவரே சொல்லியிருக்கவில்லையா, ஒரு பெண் படித்து முன்னேறுவதைவிட வேறு நன்மை எது என்று கேட்டார். திருக்குறளை நம் சமயத்தார் நூலென்று போற்றும் நம்மிடமே அக்கேள்வி வந்தபோது, சற்றுநேரம் பேச்சற்றிருந்தோம்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பொய் எழுதிக் கேட்பவரைப் பற்றி மட்டுமே பேசினால் இப்பொருளின் பாதியை விட்டவராவோம். கேட்கவே நாணி இருந்துவிடுவோர் மறுபாதி. நாம் அறிந்த வேறொரு குடும்பம். தந்தையை இழந்த பையன்; நல்ல மதிப்பெண்; கல்லூரியில் இடமும் கிடைத்தது. தாயாருக்கு வருமானம் என்று சொல்ல ஏதுமில்லை. எந்த விண்ணப்பத்தைக் கொடுத்தாலும் அவருக்குத்தான் முதலில் கிடைத்திருக்கும். "எங்கள் மாமனார் காலத்தில் நாங்கள் கொடுத்துத்தான் பழக்கம்" என்று சொல்லி அவர் கையொப்பமிடவில்லை. பையன் ஒரு பருவம் படித்துவிட்டு நின்றான். இன்று ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். அந்த அம்மையாரின் மானத்தை நாம் இகழோம். ஆனால் அம்மானத்தின் விலையைக் கொடுத்தவன் மகன். அவனை யாரும் கேட்கவில்லை.

திருக்குறளில் இரவு என்று ஓர் அதிகாரம். அடுத்ததாகவே இரவச்சம் என்று மற்றோர் அதிகாரம். ஒளிக்காமல் கொடுப்பாரிடம் கேட்பதில் இழிவில்லை என்பது முன்னதன் போக்கு. அவரிடத்தும் கேளாதிருத்தல் உயர்வு என்பது பின்னதன் போக்கு. இரண்டையும் அருகருகே வைத்தவர் நம்மை இரண்டிற்கும் நடுவே நிறுத்திவிட்டார். ஆனால் அங்கெல்லாம் ஒளித்தல் என்பது கொடுப்பவன் செய்யும் குற்றம். உள்ளதை இல்லையென்று மறைப்பவன் அவன். வருமானச் சான்றின் காலத்திலோ நிலைமை தலைகீழ். ஒளிக்கும் குற்றம் கேட்பவனிடத்து வந்து சேர்ந்துவிட்டது. பழைய நூல்கள் இந்த நிலையை நேராக எதிர்கொண்டு பேசவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. அவற்றிலிருந்து நாம்தான் பெற்றுக்கொள்ள வேண்டும்.

கல்வி பயில்வோர் பிறர் உதவியில் வாழ்ந்ததில் நம் முன்னோர் இழிவேதும் கண்டதில்லை. பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்து வேடல் என்னும் ஊரில் ஒரு கல்வெட்டு உள்ளது. ஆதித்த சோழன் காலத்தது, ஒன்பதாம் நூற்றாண்டு. குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாராகிய கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய பிள்ளைகள் ஐந்நூற்றுவரையும் காத்து உணவளிப்பதாக அவ்வூரார் ஏற்றுக்கொண்ட செய்தியை அது கூறுகிறது. அவர்களுக்கும் வேறு நானூற்றுவருக்கும் இடையே பூசல் மூண்டதன்மேல் எழுந்த ஏற்பாடு அது. பெண் ஆசிரியர் ஒருவர், அவரிடம் ஐந்நூறு பேர், சோறிட்டவர் ஊரார். ஓர் அரசு அலுவலகமும் இல்லாமல் ஓர் ஊரே நடத்திய கல்வி உதவி என்று இதனைச் சொன்னால் மிகையாகாது. ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் இரண்டு அங்கே ஒருசேர நடந்திருக்கின்றன. உண்டவர் எவரும் நாணியிருப்பார் என்று நாம் கருதவில்லை. ஆகவே விண்ணப்பித்தல் குற்றமன்று. வேண்டியவர் விண்ணப்பியாமை சிலவேளை குற்றமும் ஆகும்.

எண்ணுக்கு மீள்வோம். தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களின் அதிசாரங்களை, அதாவது விரதத்தை முற்றும் முறிக்காமல் அதில் ஓட்டையிடும் பிழைகளை, விரதம் ஒன்றுக்கு ஐந்தாக வகுத்துச் சொல்கிறது. பொய்யாமைக்குச் சொன்ன ஐந்தில் ஒன்று கூடலேகக் கிரியை. பொய்யான ஆவணம் எழுதுதல் என்பது அதன் பொருள். வாயாற் பொய் சொல்வதை விலக்கிய பின்னரும், ஓலையில் எழுதும் பொய்யைத் தனியே எடுத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். ஏன்? வாயாற் சொன்னது கேட்டவனோடு போகும். எழுதியது எழுதியவனும் காணாத இடத்திற்குச் சென்று, அவன் அறியாத ஒருவனைத் தொடும். இதுவே காரணம் என்பது நம் கருத்து. அவ்வைந்தின் தொடக்கத்தில் இருப்பது மித்தியோபதேசம், பொய்ந்நெறியை உபதேசித்தல். ஆன்ம நலனுக்கு மாறான நெறியைப் போதித்தலையே அது முதன்மையாகக் குறிக்கும். ஆயினும், "கையெழுத்துப் போடு குழந்தாய், இதெல்லாம் ஒரு சடங்குதான்" என்று நாம் அன்று சொல்லியிருந்தால், அப்பெயர் நமக்கும் பொருந்தியிருக்கும். எழுதாமலே பிழைபட முடியும் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தோம்.

அந்த எண் யாரைத் தொடும் என்று பார்ப்போம். உதவித்தொகைகள் எண்ணிக்கையில் அளவானவை. மாநிலந்தோறும், சமுதாயந்தோறும் மக்கள்தொகையை ஒட்டிப் பகுக்கப்பட்டவை. விண்ணப்பங்கள் மிகுமாயின், அந்தத் திட்டத்தின் விதிகளின்படி, குறைந்த வருமானம் உடையவரிலிருந்து தொடங்கி ஏறுவரிசையில் தெரிவு செய்தனர். இதனைத் தந்தை அறியார், பலரும் அறியார். எழுபத்திரண்டாயிரம் என்று எழுதுவதால் நாம் எல்லைக்குள் நுழைவதோடு நிற்பதில்லை. மெய்யாகவே ஒரு லட்சம் ஈட்டும் ஒருவனுக்கும், ஒன்றரை லட்சம் ஈட்டும் ஒருவனுக்கும் முன்னால் போய் நிற்கிறோம். பொய் எத்துணைச் சிறிய எண்ணாகிறதோ அத்துணை ஏழையை அது பின்தள்ளும். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்று எழுதியிருந்தாலாவது வரிசையின் கடைசியில் நின்றிருப்போம். பொய் சொல்வதிலும் இப்படி ஒரு தராதரம் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று நமக்கே வியப்பாயிருக்கிறது.

இன்னும் ஒன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்து ஜைனர் ஏறத்தாழ 89 ஆயிரம் பேர். வடபுலத்திலிருந்து வந்து குடியேறியோரையும் சேர்த்த எண் இது. இச்சிறு தொகைக்குள் நம் பிள்ளை பின்தள்ளும் பிள்ளை யாராயிருக்கும்? ஆரணிப் பக்கமோ திண்டிவனப் பக்கமோ உள்ள நம் உறவினர் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம். திருமணத்தில் எதிர்ப்பட்டால் நாம் நலம் விசாரிக்கும் குடும்பமாகவும் இருக்கலாம். பொய்யாமையில் விழுந்த ஓட்டை இவ்வாறாகக் கள்ளாமைவரை நீண்டுவிடுகிறது. குறளிற் சொன்ன நன்மைக்கு ஓர் அடைமொழி உண்டு. அது குற்றம் தீர்ந்ததாக இருக்கவேண்டும். பிறன் பிள்ளையின் இடத்தில் நம் பிள்ளையை அமர்த்தும் நன்மை அந்த அடைமொழியைத் தாங்காது. இதனைச் சொன்னபோது தந்தை முகம் சற்று மாறியது.

ஆனால் அவர் எளிதில் விடுபவர் அல்லர். "விண்ணப்பங்கள் குறைவாக வந்து இடம் மிஞ்சியிருந்தால்? அப்போது என் எண்ணால் யாருக்கு நட்டம்?" என்றார்.

நல்ல கேள்வி. பின்தள்ளப்படுபவன் ஒருவனும் இல்லாத இடத்தில் பொய் என்ன தீங்கு செய்கிறது? அரசின் கருவூலத்திற்கு நட்டம் எனலாம். தீப்பெட்டி வாங்கும் கூலியாளும் வரி செலுத்தியே அக்கருவூலம் நிறைகிறது எனலாம். அது மெய்யே. எனினும் முப்பதாயிரம் ரூபாயைக் கோடிகளால் வகுத்துக் காட்டினால் எவர் மனமும் அசைவதில்லை. அமிருதசந்திர சூரி தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் வேறு வழியிற் செல்கிறார். பொய், களவு முதலிய யாவும் இம்சையே. ஆன்மாவின் தூய தன்மையை அவை ஊறுபடுத்துகின்றன. மாணாக்கருக்கு விளங்கும்பொருட்டே அவற்றை வேறுவேறு பெயரிட்டுப் பிரித்துச் சொன்னார்கள் என்பது அவர் கொள்கை. அவ்வாறாயின் முதலில் ஊறுபடுபவர் எழுதுபவரே. இக்கொள்கையை நாம் பலமுறை படித்திருக்கிறோம், பேசியும் இருக்கிறோம். பேனாவைப் பிடித்துக்கொண்டு எழுதாமல் இருந்த அப்பெண்ணின் விரல்களைக் கண்டபோதுதான் அது நூலிலிருந்து இறங்கி நம் கூடத்திற்கு வந்தது. தந்தைக்கு அந்த எண் இருபதாண்டு வாழ்க்கையில் எழுதிய பல எண்களில் ஒன்று. மகளுக்கு அது முதலாவது. இனிப் பொறியாளராகி ஒரு பாலத்தின் அளவையோ கட்டடத்தின் கம்பிக் கணக்கையோ சரியென்று கையொப்பமிடப் போகிறவள், தான் அறிந்த பொய்யின் கீழ் முதற் கையொப்பத்தை இட்டுப் பழகவேண்டுமா?

பெரிய பொய்களைச் சிறிய பொய்களோடு சேர்த்து நிறுப்பது முறையன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் பெரியவை எங்கிருந்து துணிவு பெறுகின்றன என்பதையும் காணவேண்டும். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான செய்தி பலருக்கு நினைவிருக்கும். சிறுபான்மையினர் உதவித்தொகை தொடர்பாக 1,572 நிறுவனங்களை ஆராய்ந்ததில் 830 போலியானவையாகவோ இயங்காதவையாகவோ காணப்பட்டன என்றும், இழப்பு ரூ.144.83 கோடி என்றும் கணக்கிட்டு, அமைச்சகமே புகார் அளிக்க, மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. மாணவரே இல்லாத பள்ளிகளின் பெயரால் பணம் எடுக்கப்பட்டதாம். அதனைச் செய்தவர்களும் நம் அன்பரும் ஒன்றல்லர். ஆனால், "எல்லாரும் எழுதுவதுதானே" என்னும் சொல் இருவர் வாயிலும் ஒன்றே. அத்தகைய ஊழலுக்குப்பின் விதிகள் இறுகும்போது கூடுதலாக ஒரு சான்றுக்காக மூன்றுமுறை பேருந்தேறி அலைவது மெய்யான ஏழையே.

நம்மீதும் ஒரு குற்றம் உண்டு. அதனை மறைத்துவிட்டு ஊராரைத் திருத்தப் புகுந்தால் இக்கட்டுரையும் ஒரு கூடலேகமாகிவிடும். நம் சமுதாய அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்கு உதவுகின்றன. தொகை பெரிதன்று எனினும் மனம் பெரிது. ஆனால் எப்படிக் கொடுக்கிறோம்? விழா மேடைக்கு அழைக்கிறோம். பெயரோடு தந்தை பெயரையும் ஊரையும் ஒலிபெருக்கியில் படிக்கிறோம். காசோலையின் ஒருமுனையைக் கொடுப்பவரும் மறுமுனையைப் பெறுபவரும் பிடித்திருக்க, புகைப்படக்காரர் சொல்லும்வரை இருவரையும் அசையாமல் நிறுத்துகிறோம். அப்படங்களை இப்பக்கங்களிலும் வெளியிட்டிருக்கிறோம். கொடுத்தவருக்கு அது மகிழ்ச்சி. கொடுக்காதவருக்கு ஒரு தூண்டுதல் என்று நியாயமும் சொல்லிக்கொண்டோம். முதலாண்டுப் பையனுக்கு அது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தவர் யார்? தானத்தின் சிறப்பு கொடுக்கும் முறையாலும், பொருளாலும், கொடுப்பவராலும், கொள்பவராலும் வேறுபடும் என்று அதே ஏழாம் அத்தியாயத்தின் இறுதியில் சொல்லியிருக்கிறது. அங்கே முதலில் வைக்கப்பட்டது முறை. பொருள் அதன் பின்னரே வருகிறது.

நாம் மேற்சொன்ன அம்மையார் அரசு விண்ணப்பத்தில் மட்டுமன்று, நம் அறக்கட்டளை விண்ணப்பத்திலும் கையொப்பமிடவில்லை. காரணம் இப்போது விளங்குகிறது. மேடையைப் பொருட்படுத்தாதவர் வருவர். மேடைக்கு அஞ்சுவோர் வாரார். அஞ்சுவோருள்தான் மெய்யான தேவை பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது. இவ்வாறு உண்மையான ஏழையை நாணத்தால் துரத்திவிட்டு, எஞ்சியவரிடம் உண்மையை மட்டும் எழுதுக என்று கேட்கிறோம். தொகையை வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டு, எத்தனை பேருக்கு எவ்வளவு என்று மட்டும் விழாவில் அறிவித்தால் தானம் குறைந்துவிடுமா என்ன?

மற்றொரு குறை, நம்மிடம் வருவோருக்கு வழி தெரியாமையும் அதைச் சொல்வார் இல்லாமையும். ஒரே ஓர் உதவித்தொகையின் பெயர் காதில் விழுந்தால் அதனுள் எப்படியேனும் நுழையப் பார்க்கிறோம். நம் உண்மையான எண்ணுக்குப் பொருந்தும் வேறு கதவு உண்டா என்று தேடுவதில்லை. அன்று மாலை, ஓய்வுபெற்ற வங்கி அலுவலரான நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். நான்கு லட்சம் வரை கல்விக் கடனுக்கு ஈடு வேண்டியதில்லை என்றார். பெற்றோர் உடன் கையொப்பமிட்டால் போதும். படிப்பு முடிந்து ஓராண்டுவரை திருப்பிக் கட்டத் தேவையில்லை. மேலும், குடும்ப வருமானம் நாலரை லட்சத்தை மிகாதவர்களுக்கு, அங்கீகார மதிப்பீடு பெற்ற கல்லூரிகளில் தொழிற்கல்வி பயின்றால், அந்தக் காலம் முழுவதற்குமான வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியம் அப்போது நடப்பில் இருந்தது. இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் என்ற உண்மையான எண் அக்கதவினுள் தாராளமாக நுழைந்தது. ஒரு பொய்யும் தேவைப்படவில்லை. (2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமித் திட்டத்தில், தெரிவு செய்யப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் பயில்வோர்க்கு, எட்டு லட்சம் வரை குடும்ப வருமானமுள்ளவர்க்கும் மூன்று விழுக்காடு வட்டி மானியம் கூறப்பட்டுள்ளது. கல்லூரியில் பிள்ளைகளைச் சேர்ப்போர் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நன்று.)

ஆனால் கடன் கடனே. உதவித்தொகை திருப்பித் தரவேண்டாதது. கடன் திருப்பித் தரவேண்டியது. விடுதியில் தங்கிப் பயிலும் அப்பெண்ணுக்கு ஆண்டுக்கு முப்பதாயிரம் வீதம் நான்காண்டில் ஒரு லட்சத்து இருபதாயிரம் வந்திருக்கக்கூடும். அவள் இடாத கையொப்பத்தின் விலை அது. உண்மைக்கு விலையில்லை என்று மேடையில் பேசுவது எளிது. அவ்வீட்டில் அதற்கு விலை இருந்தது. ரூபாயிற் சொல்லக்கூடிய விலை. நாம் அதில் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. அறிவுரை மட்டுமே கொடுத்தோம்.

அன்று மாலை அவர்கள் புறப்படும்போது அப்பெண் விண்ணப்பத்தை நான்காக மடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டாள். கிழிக்கவில்லை. மறுவாரம் வங்கிக்குச் சென்று, உண்மையான வருமானத்திற்குப் புதிய சான்று பெற்று, மூன்று லட்சத்து அறுபதாயிரத்திற்கு விண்ணப்பித்தாள். மூன்றுமுறை அலைந்தபின் கடன் கிடைத்தது. அரைவை ஆலைக்காரர் மகனுக்கு உதவித்தொகை கிடைத்ததா என்று நாம் விசாரிக்கவில்லை.

2022இல் படிப்பை முடித்தாள். சென்னையில் கட்டுமான நிறுவனம் ஒன்றில் வேலை. 2023இலிருந்து மாதத் தவணை கட்டிவருகிறாள். தவணை முடிய இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. பண்டிகைக்கு ஊருக்கு வரும்போது தவறாமல் நம்மைக் காண வருகிறாள்.

தந்தை மட்டும் நெடுநாள் வரவில்லை. சென்ற ஆண்டு மேல்சித்தாமூர் தேர்த்திருவிழாவில் எதிர்ப்பட்டோம். நலம் விசாரித்தார். பேச்சு முடியும் தறுவாயில், "உங்கள் சொல் கேட்டு மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம் ஐயா" என்றார். சினமாகச் சொன்னாரா, சிரித்துச் சொன்னாரா என்று கூட்டத்தில் சரியாகக் காண முடியவில்லை. நமக்கு உடனே மறுமொழி ஏதும் தோன்றவில்லை. அதற்குள் தேர் திரும்பும் முனைக்கு வந்துவிட்டது; வடம் பிடிப்போர்க்கு வழிவிட்டு இருவரும் ஒதுங்கி நின்றோம்.